நாக்குக்குக் கீழே

ஞாயிறு. மாமாவின் சட்டையைத் தோய்க்கப் போடுவதற்கு முன் பையைத் தடவிப் பார்த்தேன். வெற்றிலைச் சுருள் ஒன்று, பஸ் டிக்கெட், இரண்டு இருபது ரூபாய்த் தாள், அதற்கடியில் பொலித்தீன் துண்டில் மடித்த ஏழு குளிசை. ஒவ்வொன்றும் அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. இரண்டு உடைந்து மாவாகிக் கிடந்தன. 'நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை' என்று வீட்டில் எல்லாரும் சொல்வது இதைத்தான். கிளினிக் கொப்பியில் ஜீ.ரி.என். என்று எழுதியிருக்கும். கிளிசரைல் டிரைநைத்திரேற்று, பழைய பெயர் நைத்திரோகிளிசரின்.

"எப்ப வாங்கினது மாமா?"

"தைப்பொங்கலுக்கு முதல், பிள்ளை. பாமசியில இப்பிடித்தான் சுத்தித் தந்தவங்கள்."

இது ஆவணி.

இந்த மருந்து சும்மா வைத்திருந்தாலே மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும். பிளாஸ்டிக் அதை உறிஞ்சும். போத்தல் வாயில் அடைக்கும் பஞ்சும் உறிஞ்சும். அதனால்தான் இருண்ட கண்ணாடிப் போத்தலில், பஞ்சு இல்லாமல், மூடியை இறுக்கி வைக்கச் சொல்கிறார்கள். போத்தலைத் திறந்தால் எட்டு வாரத்தில் மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். திருகோணமலை வெயிலில், வியர்த்த நெஞ்சோடு ஒட்டிய பையில், ஏழு மாதம்! மருந்து என்று நம்பி அவர் சுமந்து திரிந்ததில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

சட்டையைத் தோய்த்துக் காயப்போட்ட பிறகும் கை நடுங்கியது. இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்த மார்கழி இரவு, நெஞ்சு நோ வந்தபோதும் இப்படி ஒரு பொலித்தீன் மடிப்பிலிருந்துதான் குளிசை எடுத்தாரா? கேட்டேன். "ஓம், இப்பிடித்தான் எப்பவும்" என்றார்.

*

மாமா கரைவலைக்காரர். உப்புவெளிக் கரையில் நாற்பது வருஷம் கயிறு இழுத்தவர். நோய் முதலில் வந்த விதத்தை அவர் சொன்னது இப்படி: "மடி கரைக்குக் கிட்ட வரேக்க பாரம் கூடும். அப்ப நெஞ்சுக்குள்ள ஆரோ துணி பிழியிற மாதிரி இறுகும். கயித்தை விட்டிட்டு மணலில இருந்தா அஞ்சு நிமிஷத்தில போயிடும். எழும்பி இழுத்தா திரும்ப வரும்."

1768 இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் தன் சக மருத்துவர்கள் முன் வாசித்த கட்டுரையும் இதே நோவைப் பற்றியதுதான். நடக்கையில் வரும், அதிலும் சாப்பிட்டுவிட்டு நடக்கையில் வரும், நின்றால் மறையும். இந்த நெஞ்சு நோவுக்கு அஞ்சைனா என்று பெயர் வைத்தவர் அவர். மாமாவுக்கு ஹெபர்டனைத் தெரியாது. இருவரும் கவனித்தது ஒன்றேதான்: பாரம் ஏறினால் வரும், பாரம் இறங்கினால் போகும்.

*

உயர்தர வகுப்புக்குத் தசைப் பாடம் எடுக்கும்போது அந்தக் கரைவலைக் கயிற்றைத்தான் உதாரணமாகச் சொல்வேன். இழுப்பு நிற்கும் நேரத்திலும் அது தொய்ந்து கிடக்காது. இரண்டு பக்கமும் ஆட்கள் உடம்பைச் சாய்த்துப் பிடித்தபடி நிற்பார்கள். ஒருவரும் 'ஏலேலோ' போடவில்லை, வலை ஒரு முழமும் நகரவில்லை, ஆனாலும் கயிற்றில் இறுக்கம் இருக்கும். குருதிக்குழாய்ச் சுவரில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் மழமழப்பான தசையும் அப்படித்தான். நாம் நித்திரை கொள்ளும்போதும் அது முழுக்கத் தளராது. அந்த அரை இறுக்கம் இல்லாவிட்டால், எழும்பி நின்றதும் இரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி விழுந்துவிடுவோம்.

குளிசை செய்வது அந்த அரை இறுக்கத்தை இளக்குவது. 'அடைப்பை உடைக்கிற மருந்து' என்று ஊரில் சொல்கிறார்கள். கிளினிக் வரிசையிலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். அடைப்பு அங்கேயேதான் இருக்கும். இதயத்தின் முடியுருநாடிகள் கொஞ்சம் விரியும் என்பது உண்மை. ஆனால் சின்ன அளவில் இந்த மருந்து முதலில் தளர்த்துவது நாளங்களை. காலிலும் வயிற்றிலும் உள்ள நாளங்கள் அகன்று இரத்தத்தைத் தங்களுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறையும். இதயம் தள்ள வேண்டிய பாரம் குறையும். கயிற்றை விட்டுவிட்டு மணலில் இருந்தபோது மாமாவுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

*

செவ்வாய், இரண்டாம் பாடம். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி: "டீச்சர், தசையைத் தளர்த்துமெண்டா கையும் காலும் தளர்ந்து போகாதா? அப்பப்பா போட்டிட்டு நடக்கிறாரே?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

கைத்தசையும் நாடிச் சுவரின் தசையும் ஒரே கல்சியத்தால்தான் சுருங்குகின்றன. பூட்டுத்தான் வேறு. கைத்தசையிலும் இதயத் தசையிலும் ட்ரோபோனின் என்ற புரதம் பூட்டுப் போல இருக்கும். கல்சியம் வந்து அதைத் திறக்கும். மழமழப்பான தசையில் ட்ரோபோனின் கிடையாது. அங்கே கல்சியம் ஒரு நொதியத்தைத் தூண்டி, மயோசின் இழைகளில் பொஸ்பேற்றை ஏற்றினால்தான் இறுக்கம். குளிசையிலிருந்து கடைசியில் பிறப்பது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு. அது கலத்துக்குள் சைக்கிளிக் ஜீ.எம்.பி. என்ற செய்தியாளை உயர்த்தும். கல்சியம் குறையும், ஏற்றிய பொஸ்பேற்று கழன்று விழும், தசை இளகும். கைத்தசையின் பூட்டில் இந்தச் சாவி வேலை செய்யாது. அதனால் அப்பப்பா நடக்கலாம். தலை மட்டும் சுற்றும், ஏனென்றால் பிறஷர் விழுகிறது.

அவள் அடுத்ததும் கேட்டாள்: "அப்ப வயித்துக்குள்ள இருக்கிற மழமழப்பான தசை எல்லாம்?"

தளரும், அதுவும் தளரும் என்றேன். உணவு இறங்கும் களம், பித்தக் குழாயின் வாய், கருப்பை, குதம் எல்லாம். குதத்தில் வெடிப்பு வந்தவர்களுக்கு இதே மருந்தை 0.2 சதவீதக் களிம்பாகத் தடவினால் இறுகிக் கிடக்கும் உள்தசை இளகி வெடிப்பு ஆறுவதை 1997 இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை வகுப்பில் சொன்னபோது ஒரு சிரிப்பு எழுந்தது. எழும்பி அடங்கட்டும் என்று விட்டேன். அந்த நோவோடு சைக்கிள் ஓட்டிப் போகும் மனிதருக்கு அது பெரிய உதவி.

*

மேல்வீட்டு அக்காவின் கதையை எழுதி வைக்க வேண்டும். முந்தி ஒரு சித்திரை மத்தியானம், குழம்பும் பொரியலுமாகச் சாப்பிட்டு எழும்பியவருக்கு நடுநெஞ்சில் நோ. முதுகுக்கும் ஊன்றியது. வியர்த்தது. மாமாவிடம் ஓடி வந்தார்கள். மாமா தன் குளிசையில் ஒன்றைக் கொடுத்தார், அன்று அது புதிசு. நாலு நிமிஷத்தில் நோ போய்விட்டது.

அதோடு வீட்டில் தீர்ப்பு எழுதியாயிற்று: "குளிசைக்குக் கேட்டது. அப்ப ஹார்ட்தான்." அக்கா படி ஏறுவதை விட்டார். கோயிலுக்கு நடப்பதை விட்டார். மகளின் கலியாணப் பேச்சையே தள்ளிப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஈ.சீ.ஜீ. சரி, இரத்தப் பரிசோதனை சரி, ஓட வைத்துப் பார்த்த பரிசோதனையும் சரி என்று சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் குழாய் விட்டுப் பார்த்ததில் அமிலம் மேலே எகிறிக் களம் புண்ணாகி இருந்தது. அந்த எரிச்சலில் களம் இறுகிப் பிடித்ததால் வந்த நோ. களத்தின் கீழ்ப்பகுதி மழமழப்பான தசை. நாடியைத் தளர்த்தும் குளிசை அதையும் தளர்த்தும். அவ்வளவுதான் நடந்தது.

இதே தளர்வு மறுபக்கம் கெடுதியும் செய்யும். களமும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள இறுக்கிதான் அமிலத்தைக் கீழே தடுத்து வைப்பது. நைத்திரேற்று அதையும் இளக்கும். இதய நோய்க்காக இந்த மருந்தை எடுப்பவர்களில் சிலருக்கு நெஞ்செரிவு கூடுவது இதனால்தான்.

அக்கா இப்போது இரவு சாப்பாட்டை ஏழு மணிக்கு முடிக்கிறார். கோயிலுக்கு நடக்கிறார்.

*

மாமாவின் இரவு இதற்கு நேர்மாறானது.

மார்கழி மழை. பதினொரு மணிபோல் நோ தொடங்கியிருக்கிறது. கயிறு இழுக்கவில்லை, பாயில் படுத்திருந்தார். ஒரு குளிசை வைத்தார். அடங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அடங்கவில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு: "குளிசைக்குக் கேக்கேல்ல. அப்ப இது ஹார்ட் இல்ல, வாய்வு." அடுப்படிக்குப் போய் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் குடித்தார். பக்கத்து அறையில் நான் நித்திரை. என்னை எழுப்ப மனம் வரவில்லையாம், விடிய எனக்குப் பரீட்சை மண்டபக் கடமை இருந்ததாம். ஐந்து மணிக்குத்தான் சத்தம் கேட்டு எழும்பினேன். 1990 க்கு அடித்தேன், அம்புலன்ஸ் வந்தது. ஈ.சீ.ஜீ. தாளைப் பார்த்த டொக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை மணிக்குத் தொடங்கினது?"

ஆறு மணித்தியாலம். உயிர் மிஞ்சியது. இதயத் தசையில் ஒரு பகுதி மிஞ்சவில்லை. மாமா இனிக் கயிறு பிடிக்க மாட்டார்.

அன்று வைத்த குளிசை செத்த குளிசையா, அல்லது நாடி முழுக்க அடைபட்டதால் நல்ல குளிசையும் தோற்றிருக்குமா? இனி அறிய வழியில்லை. இரண்டில் எதுவானாலும் அவர் செய்த கணக்குப் பிழை. அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஊர்.

*

2003 இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று இந்தக் கணக்கையே சோதித்தது. நெஞ்சு நோவோடு அவசரப் பிரிவுக்கு வந்து நைத்திரோகிளிசரின் வாங்கிய 459 பேர். ஐந்து நிமிஷத்தில் நோ பாதியாவது குறைந்ததா என்று குறித்தார்கள். பிறகு யாருக்கு உண்மையில் இதய நோய், யாருக்கு இல்லை என்று பார்த்தார்கள். இதய நோயால் நோ வந்தவர்களில் 35 சதவீதத்தினருக்குக் குளிசை கேட்டது. இதய நோய் இல்லாதவர்களில் 41 சதவீதத்தினருக்குக் கேட்டது.

இந்த இரண்டு எண்ணையும் கிளினிக் சுவரில் பெரிசாக எழுதி வைக்க ஆசை. குளிசைக்குக் கேட்டால் ஹார்ட் என்றும் இல்லை, கேட்காவிட்டால் வாய்வு என்றும் இல்லை. சொல்லக் கூடியவை ஈ.சீ.ஜீ. தாளும் இரத்தப் பரிசோதனையும்தான். அந்த இரத்தப் பரிசோதனை தேடுவது எதை? ட்ரோபோனினை. இறந்த இதயத் தசையிலிருந்து இரத்தத்தில் கசியும் அதே புரதத்தை. குளிசை தளர்த்தும் தசைகள் ஒன்றிலும் இல்லாத புரதம் அது. இதை அந்த மாணவிக்கு அடுத்த பாடத்தில் சொல்ல வேண்டும். அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

*

சந்தையில் பாரை வாங்கினேன். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாள், சிவப்பு. வீட்டில் வந்து வகிர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கட்டிக் கிடந்தது, காற்றுப்பை கிழிந்திருந்தது, முள்ளந்தண்டு நடுவில் உடைந்து சதை கூழாய்க் கழன்றது. வெடி போட்ட மீன். இந்தக் கடலில் இது இன்றைக்கு நேற்று நடப்பதல்ல. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் வெடியைத் தடுத்தும் நிற்கவில்லை. புறாமலைப் பக்கம் பவளம் நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு வேகும்.

'டைனமைட் அடிக்கிறாங்கள்' என்றுதான் ஊர் சொல்லும். இப்போது கடலில் விழுவது பெரும்பாலும் கல் உடைக்கும் இடங்களிலிருந்து வரும் வாட்டர்ஜெல். பெயர் மட்டும் பழைய டைனமைட். அந்தப் பழைய டைனமைட்டின் உயிர் நைத்திரோகிளிசரின். 1867 இல் அல்பிரட் நோபல் அதை ஒருவகை மண்ணில் ஊற வைத்துக் கையாளக் கூடியதாக்கினார். கடைசிக் காலத்தில் அவருக்கே நெஞ்சு நோ வந்தது. டொக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைத்திரோகிளிசரின். மருந்துக் கடைக்காரரும் சனங்களும் பயப்படாமல் இருக்க அதை டிரைநைத்திரின் என்று அழைக்கிறார்கள் என்று 1896 இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த டிசம்பரிலேயே இறந்தார்.

மருந்தாக அது வந்த வழியில் தலையிடிதான் வழிகாட்டி. 1847 இல் தூரினில் அதை முதலில் செய்த அஸ்கானியோ சொப்ரேரோ ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலை வெடிக்கும் இடியைக் கண்டார். லண்டனில் வில்லியம் மறெல் ஒரு சதவீதக் கரைசலின் தக்கையை நக்கிப் பார்த்து, நாடி துடிதுடிப்பதைத் தன் உடம்பிலேயே உணர்ந்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1879 இல் லான்செட்டில் எழுதினார். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே எடின்பரோவில் லோடர் பிறன்ரன், அமைல் நைத்திரைற்று ஆவியை முகரக் கொடுத்து அஞ்சைனா அடங்குவதைக் காட்டியிருந்தார்.

ஏன் அடங்குகிறது என்று தெரிய இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1977 இல் பெரிட் முராட், நைத்திரோகிளிசரினின் வேலையைச் செய்வது நைத்திரிக் ஒட்சைட்டு என்று காட்டினார். 1980 இல் றொபேட் பெர்ச்கொட் முயல் நாடித் துண்டுகளில் இன்னொன்றைக் கண்டார்: நாடியின் உட்தோலைச் சுரண்டாமல் விட்டால்தான் அசற்றைல்கோலினுக்கு அது தளர்கிறது, உட்தோல் போய்விட்டால் தளர்வதில்லை. அந்த மெல்லிய உட்தோலே ஏதோ ஒன்றை அனுப்பித் தசையை இளக்குகிறது. அதுவும் நைத்திரிக் ஒட்சைட்டுத்தான் என்று 1986 இல் அவரும் லூயிஸ் இக்னாரோவும் சொன்னார்கள். மூவருக்கும் 1998 இல் நோபல் பரிசு.

நம் உடம்பு தானே செய்யும் வாயு. குளிசை அதை வெளியிலிருந்து கடனாகக் கொடுக்கிறது.

*

மாமாவின் இன்னொரு முறைப்பாடு: "மற்ற மருந்தெல்லாம் காலையும் இரவும். இந்த ஐசோசோர்பைட்டை மட்டும் ஏன் காலையும் மத்தியானமும்? இரவுக்குத் தரமாட்டாங்களாம்."

அதுவும் குளிசையைப் போல நைத்திரேற்றுத்தான். டைனமைட் தொழிற்சாலைகளில் இதன் விடை இருக்கிறது. அங்கே வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமைகளில் தலையிடி. புதன், வியாழனுக்குள் உடம்பு பழகிவிடும். ஞாயிறு ஓய்வில் பழக்கம் விட்டுப் போகும். திங்கள் மறுபடி இடி. உடம்பு இந்த மருந்துக்கு அவ்வளவு சீக்கிரம் பழகுகிறது. ஓயாமல் கொடுத்தால் தசை இளகுவதை நிறுத்திவிடும். அதனால்தான் நாளில் சில மணித்தியாலம் மருந்தில்லாமல் விடுகிறார்கள், பெரும்பாலும் இரவில். நான் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "வலையையும் ஓயாமப் போட்டா மீன் வராது" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்.

*

கிளினிக் கொப்பியில் மருந்துகளின் சொந்தப் பெயரே இருக்கிறது, கொம்பனிப் பெயர் இல்லை. இதற்குப் பின்னால் பேராசிரியர் சேனக பிபிலே நிற்கிறார். 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, எந்த மருந்து தேவை, எது வீண் என்று பிரித்து, நியாயமான விலைக்கு வாங்கும் வழியை உண்டாக்கினார். 1977 இல் கயானாவில் இறந்தார். 2022 இல் நாடு மருந்துக்கு அல்லாடியபோது அவர் பெயரை நினைக்காத நாளில்லை. ஒரு கரைவலைக்காரன் காசில்லாமல் இதய மருந்து வாங்க முடிகிறது என்பது சும்மா கிடைத்த காரியமல்ல.

*

வெட்கத்தால் ஒருவரும் பேசாதது: சில்டெனாபில், ஊரில் 'வயகரா'. அதையும் பைசர் கொம்பனி முதலில் அஞ்சைனாவுக்கென்றுதான் இங்கிலாந்தில் ஆராய்ந்தது. 1998 இல் வேறொரு வேலைக்கு விற்பனைக்கு வந்தது. நைத்திரிக் ஒட்சைட்டு உயர்த்தும் அந்தச் சைக்கிளிக் ஜீ.எம்.பி. யை அழியவிடாமல் தடுப்பதே அதன் வேலை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் நாளங்கள் அளவில்லாமல் தளர்ந்து பிறஷர் பாதாளத்துக்குப் போகும், ஆள் போய்விடலாம். அதை எடுத்து 24 மணித்தியாலத்துக்குள் நாக்குக்குக் கீழே குளிசை கூடாது. அதன் தம்பியான டடலாபிலுக்கு 48. அம்புலன்ஸில் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், மனைவி பக்கத்தில் இருந்தாலும்.

*

இன்று கிளினிக் நாள். விடிய ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்தோம். வாசலில் இரண்டு மான் நின்று யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. டொக்டர் மாமாவுக்கு நிதானமாகச் சொன்னார்: இருந்துகொண்டு வை, நின்று வைக்காதே, விழுங்காதே, கரையவிடு, ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 1990, ஓமத் தண்ணீர் இல்லை. ஈரலுக்குள் போனால் மருந்தின் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும், அதுதான் விழுங்கக் கூடாது என்றார். நாக்குக்குக் கீழே உள்ள மெல்லிய தோலுக்குள்ளால் நேரே இரத்தத்துக்குப் போக வேண்டும்.

குளிசை இந்தத் தடவை கபில நிறக் கண்ணாடிப் போத்தலில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டிப் போத்தலில் ஒட்டி, திறந்த திகதியைப் பேனையால் எழுதினேன். எறிய வேண்டிய திகதியையும் கீழே எழுதினேன். மாமா விறாந்தை வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரவில நோ வந்தா உன்னை எழுப்பட்டோ?"

"எழுப்புங்கோ மாமா. பரீட்சை இருந்தாலும் எழுப்புங்கோ."

போத்தலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். கனத்தில் பை ஒரு பக்கம் தொங்கியது. வெற்றிலைச் சுருளை எடுத்து மற்றப் பைக்கு மாற்றினார்.